சவர்க்காரத் தாளில் வரைந்த அணு

நம் வகுப்புக்காரிகளே, போன கிழமை குழுவில் நீங்கள் போட்ட பழைய படங்களை எல்லாம் பார்த்தேன். வெள்ளைக் கவுண், வெள்ளை முக்காடு, வெயிலுக்குச் சுருக்கிய கண்கள். ‘அந்தக் காலம் திரும்பி வராதா’ என்று ஒருத்தி எழுத, மற்ற எல்லோரும் அழுகிற முகத்தைப் போட்டிருந்தீர்கள். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. ‘டீச்சருக்கு இப்ப எடுப்புக் கூடிட்டு’ என்று அதற்கும் ஒரு கேலி. எடுப்பு இல்லை. எனக்கு அந்தக் காலம் திரும்பி வரவே வேண்டாம். தொண்ணூறுகளில் ஒரு வருசம், நோன்புப் பெருநாளிலிருந்து ஓகஸ்ட் மாதம் வரைக்கும் உள்ள நாட்களை என் ஆயுளிலிருந்து யாராவது வெட்டி எடுத்துவிட்டால் அவருக்கு நான் சாகும்வரை துஆச் செய்வேன்.

நாம் எல்லோரும் ஐம்பதை எட்டிப் பார்க்கிறோம். சீனி வருத்தமும் முழங்கால் நோவும் வந்துவிட்டன. உங்களில் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற இரண்டு பேருக்குத் தெரியும், பத்தாம் வகுப்புக்கு அணுவின் கட்டமைப்பு வருகிற கிழமையில் நான் லீவு போட்டுவிடுவேன். விஞ்ஞான டீச்சர் அணுவுக்குப் பயந்து ஒளிக்கிறா என்று அதிபர்கூட ஸ்டாப் ரூமில் வைத்துச் சிரித்திருக்கிறார். அவர் பகிடிக்குச் சொன்னது உண்மைதான். ஏன் என்று இவ்வளவு காலமும் யாருக்கும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன். வாசித்து முடித்த பிறகு என்னோடு கதைக்க மனமில்லாதவர்கள் கதைக்க வேண்டாம், நான் கோபிக்க மாட்டேன்.

எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பெண் பிள்ளைகள். எனக்குப் பன்னிரண்டு வயது, ராத்தாவுக்குப் பத்தொன்பது. வாப்பா சந்தையில் புடைவைக் கடை வைத்திருந்தார். எங்கள் தெருவில் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்த முதல் பெண் ராத்தாதான். அவளால் கதிரையில் குந்தியிருந்து படிக்க ஏலாது. குசினிக்கும் கிணற்றடிக்கும் நடந்து நடந்து சத்தமாகப் பாடமாக்குவாள். கொப்பியைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் போவது என் வேலை. நான் மூலகத்தின் பேரைக் கேட்க வேண்டும், அவள் சொல்வது சரியா என்று பார்க்க வேண்டும்.

“சோடியம்?”

“ரெண்டு, எட்டு, ஒண்டு.”

“குளோரீன்?”

“ரெண்டு, எட்டு, ஏழு.”

ஒவ்வொரு வட்டத்திலும் எத்தனை இலத்திரன் இருக்கிறது என்பதுதான் அந்த எண்கள். எனக்கு அது வாய்ப்பாடு மாதிரி மனதில் ஏறிவிட்டது. அவளுடைய கொப்பி முழுக்க வட்டங்கள். கவராயம் தொலைந்துபோனதால் வளையலை வைத்து வரைந்திருப்பாள். உள்வட்டத்துக்கு என்னுடைய சின்ன வளையல், அடுத்ததுக்கு அவளுடைய வளையல், வெளி வட்டத்துக்குப் பால்மா டின்னின் மூடி. ஒரு அணுவின் இலத்திரன்களுக்குப் புள்ளி, மற்ற அணுவின் இலத்திரன்களுக்குப் பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடி. பேனை மையின் மணமும் அவள் விரலில் ஒட்டியிருக்கும் வெங்காய மணமும் அந்தக் கொப்பியில் கலந்திருக்கும். அந்தக் கொப்பி இப்போது இல்லை.

பெருநாள் முடிந்த கையோடு ராத்தாவுக்குக் கலியாணம் நடந்தது. எங்கள் பக்கத்து வழமை உங்களுக்குத் தெரியும், பெண் புருசன் வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மகனைப் பெற்றவள் அழுகிற கலியாணம் எங்கள் கலியாணம். மச்சானின் உம்மாவுக்குப் புருசன் இல்லை, இருந்தது அந்த ஒரு மகன்தான். கலியாணத்தன்று அந்த மாமி எங்கள் வீட்டு வாசலில் மகனின் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற கோலம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கடுகடுத்த மனிசி என்று அப்போது நினைத்தேன். அவளுடைய வீடு அன்றைக்குத்தான் வெறுமையானது என்பது எனக்கு நாற்பது வயதில்தான் விளங்கியது.

ராத்தா ஒரே ஒரு விசயம்தான் கேட்டாள், ஓகஸ்டில் பரீட்சை எழுத விட வேண்டும். மச்சான் முதல் நாளே ஓம் என்றார். சொன்னதோடு நிற்கவில்லை, கல்முனைக்குப் போய் மாதிரி வினாத்தாள் கட்டு ஒன்றும் வாங்கிக்கொண்டு வந்தார். அவருக்கு நாவிதன்வெளிப் பக்கம் வயல் இருந்தது. இரண்டு மூன்று நாள் வயலில் உள்ள வாடிக் குடிசையில் தங்கிவிட்டு வருவார். வரும்போது காற்சட்டையில் சேறு, கையெல்லாம் நுளம்பு கடித்த தடிப்பு. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் சத்தமாகச் சிரித்ததில்லை. அந்த மனிசன் வந்த பிறகு உம்மாகூடச் சிரித்தாள்.

ஒருநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மச்சான் முற்றத்துக் கதிரையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். ராத்தா நடக்கிறாள், நான் கொப்பியோடு பின்னால்.

“அணு அணு எண்டு ஓதிக்கிட்டே இரிக்காய். அதுக்குள்ள என்னதான் இரிக்கி?” என்று கேட்டார்.

“நடுவுல கரு. சுத்திவர இலத்திரன். மத்ததெல்லாம் வெறும் எடம், மச்சான்.”

“வெறும் எடமா? அப்ப இந்தக் கதிர?”

“அதும் வெறும் எடந்தான்.”

“நான்?”

“நீங்களும்தான்.”

“அல்லாஹ்வே! வெறும் எடத்துல வெறும் எடம் குந்திக்கிட்டுத் தேத்தண்ணி குடிக்கிதா? பின்ன ஏன் நான் கீழ விழல்ல?”

“ஒங்கட இலத்திரனும் கதிரைட இலத்திரனும் ஒண்ட ஒண்டு தள்ளுது. உண்மையாப் பாத்தா நீங்க கதிரையில முட்டவே இல்ல. துளியளவு மேல நிக்கிறீங்க.”

மச்சான் எழும்பிக் கதிரையைப் பார்த்தார், திரும்பவும் மெதுவாகக் குந்தினார். “அப்ப கலியாணத்தண்டு ஒன்ட கையப் புடிச்சனே, அதும் முட்டல்லியா?”

ராத்தா என்னிடமிருந்து கொப்பியைப் பறித்து முகத்தை மூடிக்கொண்டாள். குசினிக்குள் உம்மா இருமினாள். எனக்கு ஒன்றும் விளங்காவிட்டாலும் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.

“சரி, எல்லாம் தள்ளிக்கிட்டே இருந்தா எப்பிடி ஒண்டோட ஒண்டு சேருது?” என்று மச்சான் விடவில்லை.

“சோடியத்துக்கிட்டக் கடைசி வட்டத்துல ஒண்டுதான் இரிக்கி. குளோரீனுக்கு ஒண்டு குறைவு. சோடியம் அந்த ஒண்டக் குடுத்திரும். குடுத்தாப் பொறகு ரெண்டும் ஒண்ட ஒண்டு இழுத்துப் புடிச்சிக்கும், விடாது.”

“விடவே விடாதா?”

“லேசில விடாது.”

அந்த ‘விடாது’ என்ற சொல் என் மனதில் தங்கிவிட்டது. வந்த கேடெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

சிறுபோகத்துக்குத் தண்ணீர் குறைவாக இருந்தது. வயலுக்குப் போய்வரும் பாதையும் பயமாகிவிட்டது, சண்டை நடந்த காலம், எந்த நேரம் எது நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. மச்சான் சவூதிக்குப் போகும் கதையை எடுத்தார். ஏஜென்சிக்காரனிடம் பாஸ்போட்டைக் கொடுத்தும்விட்டார். நான் கொப்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய்க் கேட்கும்போது ராத்தா சோடியத்துக்கும் பிழையாகச் சொன்னாள். பக்கத்து அறையிலிருந்து அவள் அழுவதை நான் கேட்டேன். மச்சான் போய்விட்டால் எங்கள் வீடு திரும்பவும் பழையபடி ஆகிவிடும் என்ற பயம் எனக்கும் இருந்தது.

எங்கள் எதிர் வளவுக்காரியின் புருசன் ஒரு முறை வீட்டை விட்டுப் போய், ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர். தலையணைக்குள் மந்திரித்து எழுதின இசிம் வைத்துத்தான் அவரை வரவழைத்ததாக அவள் உம்மாவிடம் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருந்தேன். அந்த இசிம் கடதாசியைக் கண்டும் இருக்கிறேன். கட்டம், அறபு எழுத்து, வரிசையாக எண்கள். ராத்தாவின் கொப்பியிலும் அப்படித்தான் வட்டம், எழுத்து, எண்கள். எது பாடம், எது மந்திரிப்பு என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. ராத்தா படிப்பது பரீட்சையில் சரி போடுகிற உண்மை, ஆகவே அதை வைத்து எழுதினால் எதிர் வளவுக்காரியின் இசிமை விடப் பலமாக இருக்கும் என்று யோசித்தேன். என் புத்தியை நினைத்து அன்றைக்கு எனக்கே பெருமையாக இருந்தது.

மச்சான் ராத்தாவுக்கு வாங்கிக் கொடுத்த வாசனைச் சவர்க்காரத்தின் தாளை எடுத்து வைத்திருந்தேன். வெளிப்பக்கம் றோசா நிறம், உள்பக்கம் வெள்ளை. மூக்கில் வைத்தால் பெருநாள் மணம் மணக்கும். அந்த வெள்ளைப் பக்கத்தில் வளையல்களை வைத்து இரண்டு அணு வரைந்தேன். நடுவில் கரு இருக்க வேண்டிய இடத்தில், ஒன்றில் மச்சானுடைய பேரின் முதல் எழுத்தும் மற்றதில் ராத்தாவுடைய பேரின் முதல் எழுத்தும், ஓதப்பள்ளியில் படித்த அறபில். மச்சானுக்குச் சிவப்புப் பேனையால் இரண்டு, எட்டு, ஒன்று. ராத்தாவுக்கு நீலப் பேனையால் இரண்டு, எட்டு, ஏழு. மச்சானின் அந்தக் கடைசிச் சிவப்புப் புள்ளியை அழுத்திக் குத்தியதில் மை ஊறிப் பெரிதாகிவிட்டது. அதிலிருந்து ராத்தாவின் வட்டத்துக்கு ஒரு அம்பு போட்டேன். மடித்து மடித்துச் சின்னதாக்கி, மச்சானின் தலையணையில் தையல் விட்டிருந்த இடத்தால் பஞ்சுக்குள் தள்ளினேன்.

மச்சானின் பயணம் ஒரு மாதம் தள்ளிப் போனது. பிறகு இன்னொரு மாதம். அது ஏஜென்சிக்காரனின் தில்லுமுல்லு என்று வாப்பா ஏசினார். எனக்கு மட்டும்தான் உண்மைக் காரணம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன். அந்த இரண்டு மாதத்தையும் போலச் சந்தோசமாக நான் பிறகு ஒருநாளும் இருந்ததில்லை.

பரீட்சைக்கு ஆறேழு கிழமை இருக்கும்போது மச்சான் வாடியிலிருந்து நடுங்கிக்கொண்டு வந்தார். மூன்று போர்வை போர்த்தும் கட்டில் ஆடியது. வாப்பா ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனார். விரலில் குத்தி இரத்தம் பார்த்து மலேரியா என்று சொன்னார்கள், குளிசை கொடுத்தார்கள். ஒன்றையும் விடாமல் குடித்து முடிக்க வேண்டும், புத்தி தடுமாறினால் உடனே கொண்டு வர வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். முதல் நாள் குளிசையை ராத்தாவே கொடுத்தாள். கசப்புக்குச் சீனி கேட்டு மச்சான் சின்னப் பிள்ளை மாதிரிச் சிணுங்கினார்.

அடுத்த நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது முற்றம் முழுக்கப் பஞ்சு. வேலியில், முருங்கையில், கிணற்றுக்குள் எல்லாம் பஞ்சு. கட்டிலில் மச்சான் இல்லை. ராத்தா வெறுங்கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தாள்.

மாமி மகனைப் பார்க்க வந்திருக்கிறாள். காய்ச்சல்காரனின் தலையணையை வெயிலில் போடுவோம் என்று தூக்கித் தட்டியபோது உள்ளே கடதாசி சரசரத்திருக்கிறது. கிழித்துப் பார்த்துவிட்டுக் கத்தத் தொடங்கியவள் நிறுத்தவேயில்லை.

“என்ட ஒத்த மகன இசிம் வெச்சி முடக்கிப் போட்டீங்களே! ஊட்டோட கட்டிப் போட்டது காணாதெண்டு உசிரையும் எடுக்கப் பாக்கிறீங்களா?”

உம்மாவுக்கும் ராத்தாவுக்கும் அவள் அந்தக் கடதாசியைக் காட்டவில்லை. பார்த்தால் மற்றவர்களின் கண்ணுக்கும் தோசம் ஏறும் என்று கைக்குள் பொத்தி வைத்திருந்தாளாம். ராத்தா குர்ஆனில் கை வைத்துத் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சத்தியம் பண்ணினாள். அது உண்மையான சத்தியம். மாமி தன்னுடைய நானா தம்பிமாரை வரவழைத்து, வாடகைக் காரில் மகனை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

பின்னேரத்துக்குள் கதை தெரு முழுக்கப் பரவிவிட்டது. கடதாசியில் இரண்டு கண் இருந்ததாம். ஒரு கண்ணிலிருந்து மற்றக் கண்ணுக்கு ஒரு துளி இரத்தம் வடிந்ததாம். சுற்றிவரப் பேய்ப் பல்லு வரிசையாம். இதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு ஆறியது. என்னுடைய தாளில் கண்ணும் இல்லை, பல்லும் இல்லை. அப்படியென்றால் அது வேறு யாரோ வைத்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தலையணைக்குள் என்னுடையதும் இருந்திருக்குமே, அது எங்கே என்று யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை.

வாப்பா இரண்டு தரம் போய் மருமகனை ஆசுபத்திரிக்கு விடச் சொல்லிக் கெஞ்சினார். கேற்றடியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ராத்தாவை வளவுக்குள் கால் வைக்கவும் விடவில்லை. மூன்றாம் நாள் உம்மா கஞ்சி காய்ச்சி என்னிடம் தந்துவிட்டாள். சின்னப் பிள்ளையைத் தடுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை.

மாமி கஞ்சிப் பாத்திரத்தை வாங்கிப் படியில் வைத்தாள், உள்ளே கொண்டு போகவில்லை. அவளுடைய அறையில் யாரோ ஒரு பெண் வந்திருந்தாள். அவளிடம் மாமி சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன்.

“சவுக்காரத் தாள்ளதான் எழுதி இரிக்காளுகள். றோசாக் கலரு. மூந்து பாத்தா இன்னும் மணக்குது. அத ஓதிப் பாக்கிறவரு வாங்கி எரிச்சிட்டாரு. எழுதின கை நாப்பத்தொரு நாளைக்குள்ள அழுகிப் போகும் எண்டு சொன்னாரு.”

என் வலது கையை முக்காட்டுக்குள் ஒளித்துக்கொண்டேன். இனி எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை. அது என்னுடைய தாள்தான். கையை விடப் பெரிய பயம் இன்னொன்று வந்தது. நான் மச்சானைச் சோடியம் ஆக்கியிருந்தேன், தன்னிடம் இருந்ததைக் கொடுக்கிறவராக. அவரிடமிருந்து எதையோ நான் எடுத்துவிட்டேன், அதுதான் அவர் இப்படிக் கிடக்கிறார் என்று நினைத்தேன். உள்ளே போய் அவரைப் பார்த்தேன். கண்ணின் வெள்ளை மஞ்சளித்துப் போயிருந்தது, உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் ஒரு பீங்கான் தட்டு. அதில் குங்குமப்பூ மையால் ஓதி எழுதி, கழுவிக் குடிக்கக் கொடுத்திருந்தார்கள். பீங்கான் குடிக்கிற நாட்களில் வேறு மருந்து கூடாதாம். ஆசுபத்திரிக் குளிசைப் பை கட்டியபடி யன்னல் விளிம்பில் இருந்தது.

“ராத்தா படிக்கிறாளா?” என்று மச்சான் கேட்டார்.

“ஓம்.” பொய். அவள் மூன்று நாளாகக் கொப்பியைத் தொடவில்லை.

அவர் கையசைத்து என்னைக் கிட்டக் கூப்பிட்டார். மெல்லிய குரலில்தான் கதைக்க முடிந்தது.

“புள்ள, அந்தக் கடதாசிய ராத்தா எழுதல்ல எண்டு எனக்குத் தெரியும். ஆரு எழுதின எண்டு ஒனக்குத் தெரிஞ்சாச் சொல்லு. சும்மாக் கடதாசிதான் எண்டு விளங்கினா உம்மா என்ன ஆசுபத்திரிக்கு உடுவா. நான் ஒண்டும் ஏசமாட்டன்.”

அவர் எனக்குத் தெரியும் என்று நினைத்துக் கேட்டாரா, சும்மா ஒரு நம்பிக்கையில் கேட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அது அணு மச்சான், சோடியமும் குளோரீனும், நான் வளையலை வைத்து வரைந்தது. சொல்ல வேண்டியது இவ்வளவுதான். சொல்லியிருந்தால் மாமி எனக்கு அடித்திருப்பாள். ராத்தா கொஞ்ச நாள் என் முகத்தில் முழிக்காமல் இருந்திருப்பாள். அதற்கு மேல் என்ன நடந்திருக்கப் போகிறது?

“தெரியா மச்சான்,” என்றேன்.

“சரி புள்ள,” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்கு அடுத்த நாள் காலையில் அவருக்குப் புத்தி தடுமாறி, வயலில் நிற்பதாக நினைத்து யாரையோ கூப்பிட்டாராம். அப்போதுதான் மாமியின் தம்பிமார் பயந்து அவரைத் தூக்கி வானில் போட்டார்கள். வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி ஏற்றினார்கள். ஆசுபத்திரி வாசலுக்குப் போகும்போது மௌத்தாகி இருந்தார். குளிசையை ஒழுங்காகக் கொடுத்திருந்தால் ஆள் எழும்பியிருப்பார் என்று டொக்டர் வாப்பாவிடம் சொன்னதை வாப்பா வீட்டுக்கு வந்து சொல்லி, நிலத்தில் குந்தி அழுதார்.

புருசன் மௌத்தான பெண் வெளியில் போகாமல் இருக்க வேண்டிய இத்தாவில் ராத்தா நாலு மாதமும் பத்து நாளும் இருந்தாள். ஓகஸ்ட் அதற்குள் வந்தது. பரீட்சைக்கு மட்டும் போய்வர விடலாமா என்று வாப்பா விசயம் தெரிந்தவர்களிடம் கேட்டார். ஒரு சிலர் தேவை என்றால் போகலாம் என்றார்கள், ஒரு சிலர் வேண்டாம் என்றார்கள். மாமி பக்கத்திலிருந்து ஒரு பேச்சு வந்தது, ‘ஆளச் சாகடிச்சிப் போட்டுச் சோதன எழுதப் போறாளாம்’ என்று. அதோடு வாப்பா வாயை மூடிக்கொண்டார். இரசாயனவியல் பரீட்சை நடந்த காலையில் நான் கொப்பியை எடுத்துக்கொண்டு ராத்தாவின் அறைக்குப் போய், “சோடியம்?” என்று கேட்டேன். அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தேனோ என்னவோ. “அத மூடு புள்ள,” என்றாள்.

நாற்பத்தொரு நாளும் எழும்பியவுடன் நான் கையைத்தான் பார்த்தேன். நகம், விரல், உள்ளங்கை. நாற்பத்திரண்டாம் நாள் அது நல்ல சுகமாக இருந்தது. அப்படியானால் ஓதிப் பார்க்கிறவர் சொன்னது பொய். என் தாளில் ஒரு சக்தியும் இருக்கவில்லை, காய்ச்சல் வெறும் காய்ச்சல்தான், என் வாயிலிருந்து ஒரு சொல் வந்திருந்தால் அவர் குளிசை குடித்திருப்பார். பன்னிரண்டு வயதில் இது எனக்குத் தெளிவாக விளங்கியது. அந்தக் கை அழுகிப் போயிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

ராத்தாவுக்குப் பிறகு கலியாணம் பேசி வரவில்லை. இசிம் வைத்தவள் என்ற பேர் போகவில்லை. முதல் சில வருசம் அவள் அதெல்லாம் பொய், மலேரியாதான் என்று சொன்னாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். பிறகு, எந்த வருசம் என்று தெரியாது, யாரோ எங்கள் மேல் பொறாமையில் செய்திருக்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கினாள். அவளைக் குற்றம் சொல்ல ஏலாது. தலையணைக்குள் ஒரு கடதாசி இருந்தது உண்மை. அதை வைத்தவர் யார் என்று தெரியாமல் ஒரு மனிசி எத்தனை வருசம் தாங்குவாள்? எதிர் வளவுக்காரியில் சந்தேகப்பட்டு அந்த வீட்டோடு பேச்சை நிறுத்தினாள். மச்சி முறையான ஒரு சொந்தக்காரியில் சந்தேகப்பட்டாள். வியாழக்கிழமைகளில் ஓதிய தண்ணீர் எடுத்து வந்து வீட்டின் நாலு மூலையிலும் தெளிக்கிறாள். அந்தக் கொப்பியை அடுப்பில் வைத்ததும் அவள்தான். நான் அடுத்த வளவில் இருந்துகொண்டு, பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்துச் சம்பளம் எடுத்தேன்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பின்னேரம் என்னால் தாங்க முடியவில்லை. ராத்தா கட்டிலில் கால் நீட்டியிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், சவர்க்காரத் தாள், வளையல், தலையணைத் தையல், மச்சான் கேட்டது, நான் சொன்ன பதில். சொல்லிவிட்டு அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

அவள் என் தலையைத் தடவினாள். “என்ட மனசு ஆறட்டும் எண்டு நீ பொய் சொல்றாய்.”

“பொய்யில்ல ராத்தா. வல்லாஹி.”

“நீ அப்ப சின்னப் புள்ள. ஒனக்கென்ன தெரியும்?”

மேசையில் கிடந்த ஒரு கடதாசியை எடுத்து வரைந்தேன். இரண்டு அணு. அதே எழுத்துகள் அறபில், சிவப்புப் புள்ளி, நீலப் புள்ளடி, அம்பு. வளையல் வைக்காமல் வரைந்ததில் வட்டம் கோணலாக வந்தது. ராத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தாள். அவளுடைய விரல் வெளிவட்டத்தின் மேல் ஒரு தரம் சுற்றி வந்தது. ரெண்டு, எட்டு, ஒண்டு என்று சொல்வாள் என்று நான் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இது அதில்ல,” என்றாள். “அதுல கண் இருந்திச்சி.”

“நீங்க பாத்தீங்களா ராத்தா?”

“எல்லாரும் சொன்னாங்களே.” கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். “பேரெழுத்துப் போட்ட கடதாசி ஊட்டுக்குள்ள இரிக்கப்படா. மஹ்ரிபு பாங்கு சொல்ல முன்ன வெளியில கொண்டு போய் எரி.”

நான் கொண்டு போய் எரித்தேன். ராத்தா முழங்கால் நோவோடு மெல்ல மெல்ல நடந்து கதவடிக்கு வந்து, கடதாசி முழுக்கச் சாம்பலாகும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குழாயடியில் என் இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, ஓதிய தண்ணீர்ப் போத்தலை எடுத்து வந்து, வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டு மூன்று தரம் வார்த்தாள்.

“பயப்பிடாத புள்ள,” என்றாள். “இனி ஒனக்கு ஒண்டும் ஆகா.”